காந்தப்புலத்தில் எக்சைட்டானை அளக்க முதல்முறை போகிறவர்களுக்கு

ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டில் பதினோரு நாள் செலவழித்து ஓர் அழகான வளைகோடு வரைந்தேன். காந்தப்புலம் கூடக் கூட, டங்ஸ்டன் டைசெலினைடு என்ற குறைக்கடத்தியின் ஓரடுக்குப் படிகத்தில் எக்சைட்டானின் (எலக்ட்ரானும் துளையும் பிணைந்த ஜோடி, கீழே விளக்குகிறேன்) ஆற்றல் ஏறக்குறைய புலத்தின் இருமடியில் ஏறியது. 9 டெஸ்லாவில் (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) மொத்த ஏற்றம் 0.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட். வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காந்தத்தை அணைத்துவிட்டு, நாளின் அதே நேரத்தில் அளந்து பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அதைச் செய்தேன். காந்தம் அணைந்தே இருந்தது. எக்சைட்டான் அப்போதும் ஏறியது. காலையில் ஏசியைப் போட்டதும் அறை குளிர, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி மெல்ல நகர்ந்திருக்கிறது. நான் தினமும் காலை ஒன்பது மணிக்கு 0 டெஸ்லாவில் தொடங்கி மதியத்துக்குள் 9 டெஸ்லாவில் முடிப்பேன். பதினோரு நாளும் நான் அளந்தது அறையின் வெப்பநிலையைத்தான்.

அந்தப் படிகத்தில், அந்தப் புலத்தில், வர வேண்டிய உண்மையான ஏற்றம் அதில் எட்டில் ஒரு பங்கு. அரை மணி நேரம் கணக்குப் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நீங்களாவது அந்த அரை மணி நேரத்தைச் செலவழித்துவிட்டுப் போங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தேவையான அளவு இயற்பியல். குறைக்கடத்தியில் ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேலே போகிறது, கீழே ஒரு துளை மிஞ்சுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து, ஹைட்ரஜன் அணுபோல் பிணைந்து சுற்றினால் அது எக்சைட்டான். காலியம் ஆர்சனைடில் அந்தப் பிணைப்பு ஆற்றல் வெறும் 4.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (இனி மி.எ.வோ.; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மை.எ.வோ.). அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 26 மி.எ.வோ. என்பதால் அங்கே இந்த ஜோடி தாக்குப்பிடிக்காது. திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.36 மி.எ.வோ.தான். டங்ஸ்டன் டைசெலினைடு போன்ற ஓரடுக்குகளில் பிணைப்பு மிகப் பலமானது, அறை வெப்பத்திலும் உடையாது. ஆனால் அங்கேயும் நிறமாலை வரி கூர்மையாக வேண்டுமானால் குளிர்விக்கத்தான் வேண்டும்.

## 1. காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

காந்தப்புலம் எக்சைட்டானுக்கு இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, சீமன் பிளவு: ஒரே வரி இரண்டாகிறது, ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி வட்டத் தளவிளைவோடு (ஒளியின் மின்புலம் சுழலும் திசை) வரும். பிளவு புலத்துக்கு நேர்விகிதம். எக்சைட்டானின் ஜி எண்ணை (புலத்தில் எவ்வளவு பிளக்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.058-ஆல் பெருக்கினால் ஒரு டெஸ்லாவுக்கு எத்தனை மி.எ.வோ. என்று கிடைக்கும். டங்ஸ்டன் டைசெலினைடு ஓரடுக்கில் ஜி எண் ஏறத்தாழ −4; எனவே 9 டெஸ்லாவில் பிளவு 2 மி.எ.வோ.க்குச் சற்று மேல். சாதாரண நிறமாலைமானியிலேயே தெரியும்.

மற்றது டயாகாந்தப் பெயர்ச்சி. வரிகள் இரண்டும் சேர்ந்து, புலத்தின் இருமடியில், மேல்நோக்கி நகர்கின்றன. என் காலை வாரிவிட்டது இதுதான். இது எக்சைட்டான் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. முப்பரிமாணப் படிகமானால் போர் ஆரத்தை (எக்சைட்டானின் அளவைச் சொல்லும் ஆரம்) நானோமீட்டரில் எடுத்து இருமடியாக்குங்கள், எலக்ட்ரான் நிறையின் பின்னமாக எழுதிய சுருக்க நிறையால் (எலக்ட்ரான், துளை இரண்டின் நிறைகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரே நிறை) வகுங்கள், 0.044-ஆல் பெருக்குங்கள். சதுர டெஸ்லாவுக்கு எத்தனை மை.எ.வோ. என்று வரும். ஓரடுக்கானால் ஆரத்தின் இருமடிச் சராசரி மூலத்தை எடுத்துக்கொண்டு, 0.044-க்குப் பதில் 0.022 போடுங்கள்.

இப்போது போட்டுப் பார்ப்போம். காலியம் ஆர்சனைடு: ஆரம் சுமார் 11.6 நானோமீட்டர், சுருக்க நிறை சுமார் 0.058. விடை, சதுர டெஸ்லாவுக்கு ஏறக்குறைய 100 மை.எ.வோ. 2 டெஸ்லாவிலேயே 0.4 மி.எ.வோ. வந்துவிடும், நல்ல படிகத்தில் கண்ணுக்கே தெரியும். போரான் நைட்ரைடுக்குள் பொதிந்த டங்ஸ்டன் டைசெலினைடு ஓரடுக்கு: ஆரம் 1.7 நானோமீட்டர், சுருக்க நிறை 0.20. விடை 0.3 சொச்சம். 9 டெஸ்லாவின் இருமடி 81. பெருக்கினால் 25 மை.எ.வோ. அரை மீட்டர் நிறமாலைமானியில், மில்லிமீட்டருக்கு 1200 கோடு கொண்ட கீற்றணியோடு (ஒளியைப் பிரிக்கும் கோடுகள் போட்ட தகடு), இது கேமராவின் ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு. வரியின் அகலமோ சில மி.எ.வோ. இதைத்தான் பதினோரு நாள் தேடினேன். இதே படிகத்தின் பெயர்ச்சியை ஒழுங்காக அளந்தவர்கள் 65 டெஸ்லா வரை போனார்கள். அங்கே அது 1.3 மி.எ.வோ.

மூன்றாவதாக ஒரு சரிபார்ப்பு. 25.7-ஐப் புலத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நானோமீட்டரில் காந்த நீளம் கிடைக்கும். அது எக்சைட்டானின் ஆரத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரைதான் இருமடி விதி செல்லும். காலியம் ஆர்சனைடில் 5 டெஸ்லாவிலேயே இரண்டும் சமமாகிவிடுகின்றன. அதற்கப்பால் எலக்ட்ரானும் துளையும் தத்தம் லாண்டாவ் மட்டங்களுக்கு (காந்தப்புலத்தில் தனியாகச் சுற்றும் மின்னூட்டத்தின் ஆற்றல் படிகள்) போகத் தொடங்கும். ஆற்றல் இருமடியில் ஏறாமல் நேர்கோட்டுக்குத் திரும்பும். 0 முதல் 9 டெஸ்லா வரை எல்லாப் புள்ளிகளையும் ஒரே இருமடிக் கோட்டில் பொருத்தினால் ஆரம் தவறாக வரும். இதைச் செய்துவிட்டு மாதிரியில் குறை இருக்கிறது என்று படிகம் வளர்த்தவரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

## 2. எந்தக் காந்தம் என்று முடிவு செய்யுங்கள்

கணக்கு கையில் இருந்தால் இது எளிது. நையோபியம் டைட்டானியம் சுருள் கொண்ட மீக்கடத்திக் காந்தம் 4.2 கெல்வினில் 9 டெஸ்லா அளவில் நின்றுவிடும். உள்ளே நையோபியம் வெள்ளீயச் சுருள் சேர்த்தால் 14, 16 என்று மேலே போகலாம். சீமன் பிளவு மட்டும் வேண்டும், அல்லது எக்சைட்டான் பெரியது என்றால் இதுவே போதும்.

அதற்கும் மேலே வேண்டுமென்றால் பெரிய ஆய்வகங்களுக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பாவில் நிலையான புலத்துக்கு கிரனோபிளும் நைமேகனும். துடிப்புப் புலத்துக்கு துலூசும் டிரெஸ்டனும். அமெரிக்காவில் நிலையான புலத்துக்கு டலஹாசி, துடிப்புக்கு லாஸ் அலமோஸ். நிலையான புலம் 35 டெஸ்லாவைத் தாண்டும். ஆனால் செம்புச் சுருளில் ஓடும் மின்சாரத்துக்கு அளவே இல்லை. கிரனோபிள் காந்தங்கள் 20 மெகாவாட்டுக்கு மேல்கூட இழுப்பவை. அதனால் உங்களுக்குக் கிடைப்பது எண்ணி அளந்த மணி நேரங்கள், ஒவ்வொன்றும் விலைமதிப்புள்ளது. துடிப்புப் புலத்தில் 60 டெஸ்லாவும் அதற்கு மேலும் கிடைக்கும், ஆனால் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும். ஒரு துடிப்பு முடிந்தால் திரவ நைட்ரஜனில் கிடக்கும் சுருள் மறுபடி குளிர ஒரு மணி நேரம் அளவில் காத்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டுத் துடிப்பு கிடைத்தால் நல்ல நாள். அந்தச் சில மில்லி நொடிக்குள் கேமராவில் போதிய ஒளி விழுகிறதா என்பதை ஊரிலேயே சோதித்துவிட்டுப் போங்கள். ஒளிர்வு (லேசர் பட்டதும் மாதிரி விடும் ஒளி) மங்கலான மாதிரியை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட யுஜிசி–டிஏஇ கூட்டமைப்பு (பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்தது) பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகவே இயங்குவது, கல்பாக்கத்திலும் அதற்குக் கிளை உண்டு. எங்கே கேட்டாலும் முதல் கேள்வி, 'எத்தனை டெஸ்லா' என்பதாக இருக்க வேண்டாம். காந்தத்துக்குள் ஒளி போக வழி இருக்கிறதா, ஜன்னலா, ஒளியிழையா என்று கேளுங்கள். பல காந்தங்கள் மின்தடை அளக்கவும் காந்தமாக்கத்தை அளக்கவும் செய்யப்பட்டவை. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. இதைக் கேட்காமல் ரயில் டிக்கெட் எடுத்த கதையும் என்னிடம் உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

## 3. விண்ணப்பம், காகிதங்கள், காசு

ஐரோப்பிய ஆய்வகங்கள் நான்குக்கும் ஒரே கூட்டமைப்பு, ஒரே விண்ணப்ப முறை. ஆண்டுக்கு இரண்டு முறை அழைப்பு வரும். கடைசி நாள் வழக்கமாக மே 15, நவம்பர் 15. குழு ஒன்று மதிப்பிட்டுத் தரம் பிரிக்கும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் காந்த நேரத்துக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பித்த நாளிலிருந்து காந்தத்தின் முன் நிற்கும் நாள் வரை ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இதைத் தொடங்காதீர்கள்.

விண்ணப்பத்தை எழுதும் முன்பே அந்த ஆய்வகத்தில் உங்கள் துறையில் வேலை செய்யும் விஞ்ஞானி ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தக் காந்தம், மாதிரியை இறக்கும் காந்தத் துளையின் விட்டம் எவ்வளவு, எந்த அலைநீளத்தில் லேசர் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாமல் எழுதிய விண்ணப்பம் பார்த்த உடனே தெரிந்துவிடும். உள்ளே கட்டாயம் இருக்க வேண்டியவை: பூஜ்ய புலத்தில், குளிர்ந்த நிலையில் எடுத்த உங்கள் சொந்த நிறமாலை ஒன்று, முதல் படியில் போட்ட கணக்கு, எவ்வளவு புலம், ஏன் அதற்குக் குறைவாகப் போதாது, எத்தனை மணி நேரம். 'புலம் கூடினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறோம்' என்று எழுதினால் வரிசையில் கடைசியில்தான் இருப்பீர்கள்.

இனி காகிதங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு குறுகிய கால ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு வரும் என்று விதி, ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே கோடையில் பெரும்பாடு. ஆய்வகத்தின் அழைப்புக் கடிதம், உங்கள் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், லேசர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மாதிரிகளின் பட்டியல் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். வெளிநாட்டவர் உள்ளே வர முன்னனுமதி கேட்கும் ஆய்வகங்கள் உண்டு. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், எனவே முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. எனக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் பெயர் நாம் எழுதுவதுபோல முதலெழுத்தோடு இருந்தது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கவுன்டரில் கேட்டார்கள். கடிதம் திருத்தி வர ஒன்பது நாள். கட்டுரைகளில் என்ன பெயரில் எழுதினாலும் சரி, அழைப்புக் கடிதம் கேட்கும்போது கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

செலவில் பலரும் மறப்பது ஹீலியம். சொந்த ஊரில் முன்சோதனை செய்ய வேண்டுமே, அதற்கான திரவ ஹீலியத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று முன்பே பேசிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தில் ஆவியைத் திரும்பப் பிடிக்கும் குழாய் இருந்தால் செலவு வெகுவாகக் குறையும். இல்லையென்றால் காசு கண்ணெதிரே கூரை வழியே போகும்.

## 4. மாதிரியைத் தயார் செய்யுங்கள்

மாதிரியை அழுத்தமான பசையால் முழுதாக ஒட்டாதீர்கள். குளிரும்போது தாங்கியும் படிகமும் வெவ்வேறு அளவில் சுருங்கும். இழுவிசையில் காலியம் ஆர்சனைடின் எக்சைட்டான் வரி பூஜ்ய புலத்திலேயே இரண்டாகப் பிளக்கும். அதைப் பார்த்து 'காந்தமில்லாமலே பிளவு' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ஒரு மூலையில் மட்டும் ஒரு துளி வெற்றிடக் கிரீஸ் போதும்.

ஓரடுக்கு மாதிரியென்றால், பத்து மைக்ரோமீட்டர் துண்டைக் காந்தத்துக்குள் தேட வேண்டியிருக்கும். நுண்ணோக்கியில் மூன்று உருப்பெருக்கத்தில் படம் எடுத்து, அருகிலுள்ள கீறல், தங்கக் குறி, தூசி எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு அச்சிட்டு எடுத்துப்போங்கள். கைப்பேசியில் வைத்திருந்தால் போதாதா என்றால், காந்தத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியைக் கொண்டுபோக விட மாட்டார்கள்.

தாங்கியில் உள்ள ஒவ்வொரு திருகையும் நூலில் கட்டிய சிறு காந்தத்தால் சோதியுங்கள். பித்தளை, டைட்டானியம் இருக்கட்டும். பளபளப்புக்காக நிக்கல் பூசிய இணைப்பி ஒன்று போதும், 3 டெஸ்லாவில் மாதிரி பார்வையிலிருந்து நழுவிவிடும்.

## 5. ஒளிப்பாதை

புலம் ஒளியின் திசையிலேயே இருந்தால் அது ஃபாரடே அமைப்பு. குறுக்கே இருந்தால் வோய்ட் அமைப்பு. மேலே சொன்ன இரட்டை வரிகள் ஃபாரடே அமைப்பில் தெரிபவை. வோய்ட் அமைப்பில் வேறொரு வேடிக்கை: சாதாரணமாக ஒளி விடாத 'இருண்ட' எக்சைட்டான்கள் ஒளிரும் எக்சைட்டான்களோடு கலந்து வெளியே தெரிய ஆரம்பிக்கும். டங்ஸ்டன் டைசெலினைடில் அப்படியொரு வரி பிரகாசமான வரிக்கு 40 மி.எ.வோ. கீழே முளைக்கும். காந்தம் ஒன்றே; மாதிரியைத் திருப்பி வைத்தால் சோதனையே வேறாகிவிடும். எனவே எந்தத் தாங்கி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.

இழை வழியாக அளக்கிறீர்கள் என்றால், இழையை அசைத்தால்கூட தளவிளைவு மாறும். தளவிளைவாக்கியையும் கால் அலைத்தகட்டையும் (இரண்டும் சேர்ந்து ஒரு வட்டச் சுழற்சியை மட்டும் பிரித்தெடுப்பவை) இழைக்கு வெளியே வைத்துப் பயனில்லை; குளிர்ந்த முனையில், மாதிரிக்குப் பக்கத்திலேயே பொருத்த வேண்டும். அங்கே திருப்ப முடியாதே என்றால், திருப்ப வேண்டாம்: காந்தப்புலத்தின் திசையை மாற்றுங்கள். நேர்ப் புலத்தில் ஒரு சுழற்சி தெரியும், எதிர்ப் புலத்தில் மற்றது. நேரம் இரட்டிப்பாகும், அதைக் கணக்கில் சேருங்கள்.

இழையில்லாமல் ஜன்னல் வழியாக அளப்பவர்களுக்கு ஒரு பொறி. பொருளருகு வில்லையின் கண்ணாடியே காந்தப்புலத்தில் தளவிளைவுத் தளத்தைத் திருப்பும். வட்டத் தளவிளைவு இதனால் பாதிக்கப்படாது. ஆனால் நேர்த் தளவிளைவில் அளந்தால், புலத்தோடு மாறும் கோணம் உங்கள் படிகத்திலிருந்து வருகிறதா வில்லையிலிருந்தா என்று தெரியாது. மாதிரி இருக்கும் இடத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடி ஒன்றை வைத்து ஒருமுறை முழுப் புலத்துக்கும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திசை 'நேர்' என்பதையும் நம்பாதீர்கள். மின்வழங்கியின் திரையில் உள்ள கூட்டல் குறி கம்பியை யார் எப்படி மாட்டினார் என்பதைப் பொறுத்தது. புலத்தைச் சிறிதாக வைத்து, அச்சின் நேரே தள்ளி நின்று, பத்து ரூபாய்த் திசைகாட்டியைப் பிடியுங்கள். வட முனை காட்டும் பக்கம் புலத்தின் திசை. பிறகு ஜி எண் தெரிந்த ஒரு மாதிரியை அளந்து சுழற்சியின் குறியைச் சரிபாருங்கள். டங்ஸ்டன் டைசெலினைடில், புலம் ஒளி வெளிவரும் திசையில் இருந்தால், சிக்மா பிளஸ் (இரண்டு வட்டச் சுழற்சிகளில் ஒன்றின் பெயர்) வரி கீழே இறங்க வேண்டும்.

## 6. குளிர்வித்தல்

திரவ ஹீலியம் தேவையில்லாத மூடிய சுழற்சிக் காந்தமானால் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதுதான். ஒன்றிரண்டு நாள் ஆகும். அமுக்கி ஏழெட்டுக் கிலோவாட் மின்சாரம் எடுக்கும், அதற்குக் குளிர்நீரும் ஓட வேண்டும். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் அந்த அமுக்கிக்கும் குளிர்நீருக்கும் சேர்த்து ஓடுகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஓடி மற்றதுக்கு ஓடாமல் போன இரவு ஒன்று எனக்கு மூன்று நாளைத் தின்றது.

திரவம் ஊற்றும் வகையென்றால் முதலில் திரவ நைட்ரஜனால் 77 கெல்வினுக்குக் கொண்டுவருவார்கள். ஹீலியம் ஊற்றும் முன் அந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேற வேண்டும். அடியில் ஒரு டம்ளர் மிஞ்சினாலும் அது உறைந்து கல்லாகி, ஹீலியத்தை லிட்டர் லிட்டராகக் குடிக்கும். சோதிப்பது எளிது. பம்பால் இழுங்கள். அழுத்தமானி தடையில்லாமல் இறங்கினால் சரி. 125 மில்லிபார் பக்கத்தில் வந்து முள் அசையாமல் நின்றுகொண்டால், அடியில் நைட்ரஜன் உறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சூடான வாயுவை விட்டு மறுபடி ஊதித் தள்ளுங்கள். அவசரப்பட்டு இதைத் தாண்டாதீர்கள்.

ஹீலியத்தை முதலில் மெதுவாக விடுங்கள். ஆவியின் குளிர்ச்சியே பாதி வேலையைச் செய்யும். வேகமாக ஊற்றினால் அத்தனையும் வீண். திரவம் சேர்ந்த பிறகு ஒரு வாட் வெப்பம் உள்ளே போனாலும் மணிக்கு 1.4 லிட்டர் ஆவியாகும். ஒரு லிட்டர் திரவம் அறையில் 700 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். ஆக்சிஜன் எச்சரிக்கை மணி அடித்தால் ஏன் என்று யோசிக்காமல் வெளியே போங்கள்.

மாதிரி திரவத்துக்குள்ளேயே இருக்கும் அமைப்பில், குமிழிகள் ஒளியைச் சிதறடித்து நிறமாலை துடித்துக்கொண்டே இருக்கும். பம்பால் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 2.17 கெல்வினைத் தாண்டும் நொடியில் கொதிப்பு சட்டென்று நின்று, திரவம் கண்ணாடிபோல் அமைதியாகிவிடும். முதல்முறை பார்க்கும்போது திரவமே தீர்ந்துவிட்டதோ என்று பதறினேன். அந்த அமைதியில்தான் நல்ல அளவீடு கிடைக்கும்.

வெப்பமானி காட்டுவது தாங்கியின் வெப்பநிலை. லேசர் புள்ளிக்குக் கீழே எக்சைட்டான் அதைவிடச் சூடாக இருக்கலாம். லேசரின் திறனைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். வரியின் இடமும் அகலமும் மாறாமல் நிற்கும் அளவு வந்ததும் அங்கே வேலை செய்யுங்கள். பெரும்பாலும் அது சில மைக்ரோவாட்டாகத்தான் இருக்கும்.

## 7. அளவீடு

என் ஏசி கதையின் பாடம் இங்கேதான் வருகிறது. புலத்தை 0-விலிருந்து வரிசையாக ஏற்றிக்கொண்டே போய் முடிக்காதீர்கள். நிறமாலைமானி நேரத்தோடு நகரும். நீங்கள் புலத்தையும் நேரத்தோடு ஏற்றினால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. மீக்கடத்திக் காந்தத்தில் 9 டெஸ்லா ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் புள்ளிகளைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போடவும் முடியாது. நான் செய்வது: ஏறும்போது ஒற்றைப்படைப் புலங்கள், இறங்கும்போது இரட்டைப்படை. இரண்டு தொகுதியும் ஒரே கோட்டில் விழுந்தால் நம்பலாம். இடையே பல் பல்லாக விலகினால் ஏதோ நகர்கிறது.

ஒவ்வொரு புள்ளியிலும் நியான் விளக்கின் நிறமாலை ஒன்றும் எடுத்துவிடுங்கள். பத்து நொடி வேலை. ஏசியை முந்தைய இரவே போட்டுவிடுங்கள். நிறமாலைமானியின் மேல் நேரே காற்று படாமல் ஓர் அட்டையை மறைத்து வையுங்கள். பின்னால் வந்த எந்த மென்பொருளைவிடவும் இந்த அட்டை எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

புலம் ஏறும்போது மாதிரி சில மைக்ரோமீட்டர் நகரலாம். ஓரடுக்கில் இடத்துக்கு இடம் வரி மாறும் என்பதால், ஒவ்வொரு புலத்திலும் படம் பார்த்து அதே புள்ளிக்கு வந்த பிறகே நிறமாலையை எடுங்கள்.

ஒளிர்வை மட்டும் நம்பினால் இன்னொரு சங்கடம். பிளவு வெப்ப ஆற்றலைவிடப் பெரிதானதும் எக்சைட்டான்கள் கீழ் மட்டத்தில் குவியும். மேல் வரி மங்கிக்கொண்டே போகும். 4 கெல்வினில் 2 மி.எ.வோ. பிளவு என்பது வெப்ப ஆற்றலின் ஐந்து மடங்குக்கு மேல். மேல் வரியும் தெளிவாக வேண்டுமென்றால் வெள்ளொளி எதிரொளிப்பையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

## 8. தரவைப் பிரித்தல்

ஒவ்வொரு புலத்திலும் இரண்டு சுழற்சி வரிகளின் ஆற்றலையும் எடுத்து, வித்தியாசத்தைத் தனியாக, சராசரியைத் தனியாக வரையுங்கள். வித்தியாசம் சீமன் பிளவு. சரிவு ஜி எண்ணைத் தரும். சராசரி டயாகாந்தப் பெயர்ச்சி. இரண்டு சுழற்சியையும் அடுத்தடுத்து அளந்திருந்தால் நிறமாலைமானியின் நகர்வு வித்தியாசத்தில் அடிபட்டுப் போகும். சராசரியில் அப்படியே தங்கும். அதனால்தான் என் ஜி எண் முதல் நாளே சரியாக வந்தது, பெயர்ச்சி மட்டும் ஏமாற்றியது.

எந்த வரி எது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். டங்ஸ்டன் டைசெலினைடில் நடுநிலை எக்சைட்டானுக்குச் சுமார் 30 மி.எ.வோ. கீழே கூடுதல் மின்னூட்டம் ஏந்திய எக்சைட்டான்கள் இருக்கும். அதற்கும் கீழே குறைபாடுகளில் சிக்கியவை வரிசையாக நிற்கும். ஜி எண் −4-க்கு வெகுதூரம் விலகி −9 பக்கம் வந்தால், கணக்கைச் சந்தேகிக்கும் முன் அது இருண்ட எக்சைட்டானா என்று பாருங்கள்.

## 9. கிளம்பும் நாள்

புலம் பூஜ்யத்துக்கு வந்ததும் கடைசியாக ஒரு பூஜ்ய நிறமாலை எடுங்கள். முதல் நாள் எடுத்ததோடு ஒப்பிடவில்லை என்றால் மாதிரி இடையில் கெட்டதா என்று வீட்டுக்குப் போன பிறகு தெரிய வராது. மாதிரியைக் குளிரோடு வெளியே இழுக்காதீர்கள். ஈரம் உறைந்து மேலே படியும், உருகும்போது ஓரடுக்கைத் தூக்கிக்கொண்டு போகும். தாங்கியை ஹீலியம் வாயுவிலேயே வைத்து 290 கெல்வின் வரும்வரை காத்திருங்கள். இரண்டு மணி நேரம் ஆகலாம், விமானத்துக்கு அதையும் சேர்த்து நேரம் வையுங்கள். ஆய்வகத்துக்கான சுருக்க அறிக்கையை அந்த இரண்டு மணி நேரத்தில், காந்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். நான் அப்படித்தான் எழுதினேன். எந்தக் கோப்பில் எந்தப் புலம் என்பது அப்போது இன்னும் நினைவில் இருந்தது.